பதினாலாம் பெட்டி

மார்ச் 3, திங்கள்

ராட்டினத்தை ஜெசிந்தாவுக்குக் கொடுத்துவிட்டார் சார்.

எழுதியாவது தொலைக்கிறேன், இல்லையென்றால் யாரிடமாவது கத்திவிடுவேன். இரண்டு வருஷமாக அந்த இயந்திரத்துக்கு விண்ணப்பம் எழுதியது யார்? நான். மோட்டார் புகைந்தபோது மடியில் வைத்து ஆட்டோவில் பீளமேடு வரை கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தது யார்? அதுவும் நான். இன்று காலைக் கூட்டத்தில் எங்கள் கைடு ராமபத்ரன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மூணு வாரம் ஜெசிந்தா ஓட்டட்டும். வடிவு, நீ சீனியர், புழு எல்லாம் நீயே எடுத்துக் குடுத்துரு" என்றார். ஏதோ பந்தியில் பரிமாறச் சொல்கிற மாதிரி.

ராட்டினம் என்பது எங்கள் லேப் உதவியாளர் பொங்கியண்ணன் வைத்த பெயர். கண்ணாடித் தட்டுகளை இடவலமாகவும் தலைகீழாகவும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற புழுவுக்கு எது மேல், எது கீழ் என்றே தெரியாது. விண்வெளியில் எடையில்லாமல் மிதந்தால் உடம்பு என்ன ஆகும் என்பதைக் கோயம்புத்தூரிலேயே உட்கார்ந்து பார்க்க ஓர் ஏற்பாடு.

எங்கள் புழு தட்டைப்புழு. விரல்நகம் நீளம்கூட இல்லை. தலையை வெட்டினால் பத்து நாளில் புதுத்தலை வைத்துக்கொள்ளும். நான் ஆறு வருஷமாக அதன் தண்ணீரில் கேட்மியம் என்ற உலோகத்தைத் துளித்துளியாகக் கலந்து, அதற்கு ஏன் கட்டி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டிய இடத்தை வளர்க்கிற அதே செல் ஏன் ஒரு நாள் கட்டியாக முளைக்கிறது? ஆறு வருஷத்தில் நான் கண்டுபிடித்த பதில்: தெரியவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி ஆய்வுக்குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. சொல்லும்படி ஒன்றுமில்லை என்றால் என் பிஎச்.டி. பதிவை ரத்துசெய்துவிடுவார்கள்.

ஜெசிந்தா சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. வயது இருபத்தாறு. தூத்துக்குடிக்காரி. எப்போது பார்த்தாலும் சிரிப்பு.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் புழு எடுத்துக் கொடுத்தேன். எண்பது கேட்டாள். நாற்பது சுற்றுவதற்கு, நாற்பது அலமாரியில் அசையாமல் நிற்பதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க.

இதற்கு எங்கள் லேப்பில் ஒரு முறை உண்டு. நாலைந்து பெட்டிப் புழுக்களை ஒரே வெள்ளைத் தாம்பாளத்தில் கொட்டிக் கலக்க வேண்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று இந்தத் தட்டுக்கு, ஒன்று அந்தத் தட்டுக்கு என்று சொட்டுக்குழாயால் பிரிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புழு இருக்கும். நான்தான் இதைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பேன். ஒன்றரை மணி நேரம் முதுகை ஒடிக்கும்.

இன்று நேரமில்லை. அலமாரியில் கைக்கு வந்த இரண்டு பெட்டியை எடுத்து, "இந்தா, இது ஒண்ணு, இது ஒண்ணு, எல்லாம் ரெடி" என்று கொடுத்தேன். "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றாள். கலந்தாயிற்றா என்று அவள் கேட்கவில்லை. சீனியர் கொடுத்தால் கலந்துதான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

கேன்டீனில் மத்தியானம் வரை உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். டீ கழுநீர் மாதிரி இருந்தது.

மார்ச் 5, புதன்

புழுக்களுக்கு ஆட்டு ஈரல் வாங்கும் நாள். ஆறு வருஷமாகப் புதன்கிழமைதோறும் கறிக்கடை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். கடை பாய், "கத்திரிக்கா சாப்பிடுற புள்ளைக்கு எப்பவும் ஃப்ரெஷ் ஈரல்தான்" என்று கேலி செய்கிறார். எங்கள் வீட்டில் முட்டை வாசம் பட்டாலே பாத்திரத்தை மூன்று தடவை விளக்குவார்கள்.

ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சத்தம் என் மேஜை வரை கேட்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஜெசிந்தாவின் புழுக்கள் எல்லாவற்றுக்கும் புதுத்தலை வந்துவிட்டது. சுற்றியதற்கும் சுற்றாததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சார் முகம் தொங்கிவிட்டது. "பரவால்ல, இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

மெஸ்ஸில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். பசி.

மார்ச் 19, புதன்

கட்டி.

பதினோரு மணி இருக்கும், மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து ஜெசிந்தா, "சார்! சார்! வாங்க!" என்று அலறினாள். நானும் ஓடினேன். புதுத்தலையின் ஓரத்தில், கண்ணுக்குக் கீழே, கடுகை ஒட்டவைத்த மாதிரிக் கருப்பாக ஒரு வீக்கம். ஒன்றில் இல்லை, சுற்றிய நாற்பதில் இருபத்தாறில். அலமாரியில் நின்ற நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

இருபத்தாறு, பூஜ்யம்! இப்படி ஒரு கணக்கை என் ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. எடையில்லாத நிலையில் வளர்கிற உடம்புக்குக் கட்டி வருகிறது என்றால், நாளைக்கு விண்வெளியில் மாசக்கணக்கில் தங்கப்போகிற மனிதர்களுக்கு என்ன ஆகும்? சார் நாற்காலியில் உட்காரவே இல்லை. அக்டோபரில் மேலே போகிற செயற்கைக்கோளில் நம் மாதிரி ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே ஒரு சின்னப் பெட்டி இடம் தருகிறார்கள், தேங்காய் அளவு. எதை அனுப்பப்போகிறோம் என்று ஏப்ரல் 21க்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். "இதான் போகுது. இதேதான்" என்றார்.

பொங்கியண்ணனை அனுப்பி மைசூர்பாக் வாங்கிவரச் சொன்னார். ஜெசிந்தா முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினாள். "உங்க புழுதானக்கா" என்றாள். வாங்கித் தின்றேன். என்ன செய்வது?

மார்ச் 20, வியாழன்

பொறாமைதான். வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று காலையிலிருந்து தேடினேன், கிடைக்கவில்லை.

கட்டி என் விஷயம். ஆறு வருஷம் கட்டியோடு குடித்தனம் நடத்தியவள் நான். இவள் பதினைந்து நாள் ராட்டினம் சுற்றினாள், கட்டி தானாக வந்து மடியில் விழுகிறது. அவள் சிரித்தால் எரிகிறது, சிரிக்காமல் வேலை பார்த்தால் அதைவிட எரிகிறது. அவள் தண்ணீர்பாட்டிலைப் பார்த்தாலே எரிகிறது. முப்பத்துமூன்று வயதுப் பெண் எழுதுகிற எழுத்தா இது? த்தூ!

மார்ச் 23, ஞாயிறு

அம்மா பேசினாள், சங்கரன்கோவிலிலிருந்து. "ஏட்டி வடிவு, இன்னும் எத்தன வருசத்துக்குப் புழுவ வெட்டிக்கிட்டுக் கெடப்ப? உன்கூடப் படிச்சவ மகன் ஆறாங்கிளாஸ் போறான்" என்றாள். அடுத்த மாசம் முடிந்துவிடும் என்றேன். "எது, படிப்பா?" என்றாள். எது முடியும் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

ஜெசிந்தா தப்பு செய்திருக்கிறாள், கண்டிப்பாக. இருபத்தாறு, பூஜ்யம் என்று இந்த உலகத்தில் எதுவும் வராது.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய ஆய்வு நோட்டை எடுத்துப் படித்தேன். படிக்கக் கூடாது என்று ஒன்றுமில்லை, லேப் நோட்டு பொதுச்சொத்துதான். தட்டுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் சுற்றும்போது தண்ணீர் அலைந்து புழுவை அடிக்கும், அதனாலேகூடக் காயம் வரும். பார்த்தேன். 'குமிழி இல்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்' என்று எழுதியிருக்கிறாள். அறை வெப்பம் ஒரு நாளைக்கு மூன்று தடவை குறித்திருக்கிறாள். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் பட்டினி போட்டோமா என்று கேட்டு எழுதி, 'வடிவு அக்கா சொன்னார்: ஆம்' என்று பக்கத்தில் போட்டிருக்கிறாள். சுழலும் தட்டு: பெட்டி 14. நிற்கும் தட்டு: பெட்டி 9. அச்சடித்த மாதிரி எழுத்து. சே!

ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. ஈரல் வாங்க மறந்துவிட்டேன். புழுக்கள் நாளைக்குத்தான் சாப்பிடும்.

மார்ச் 30, ஞாயிறு

ஜெசிந்தா ஹாஸ்டல் அறையில் மீன்குழம்பு வைத்தாளாம். எனக்கு மட்டும் தனிச்சட்டியில் கத்திரிக்காய்க் குழம்பு. "மீன் கரண்டியே படலக்கா, புதுக் கரண்டி" என்றாள். நன்றாக வேறு இருந்தது. கெட்டவளாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா இவள்?

ஏப்ரல் 2, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

குழுவுக்கு அறிக்கை எழுத என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். போன ஆகஸ்டு. கேட்மியம் கொடுத்த கடைசித் தொகுதி. கட்டி வந்து, அப்புறம் நல்ல தண்ணீரில் விட்டபின் கட்டி கரைந்து, பிழைத்துக்கொண்ட புழுக்கள் நூற்றுச் சொச்சம். விதிப்படி அவற்றைக் கொன்று கொட்டியிருக்க வேண்டும். உயிரோடு ஊர்கிறதை எப்படிக் கொட்டுவது? மனசு வரவில்லை. என் கையெழுத்தில் இருக்கிறது: 'தேறியவற்றைப் பெட்டி 14க்கு மாற்றினேன்.' கேட்மியம் பெட்டிகளுக்கு மூடியில் நீலப்பொட்டு ஒட்டுவது வழக்கம். இவைதான் தேறிவிட்டனவே என்று நான் பொட்டு ஒட்டவில்லை. பார்ப்பதற்கு மற்றப் புழுக்கள் மாதிரியேதான் இருந்தன. ஏழு மாசத்தில் மறந்தும் போனேன்.

பெட்டி 14. அவள் நோட்டில் என் கண்ணால் பார்த்துவிட்டு, எழுத்து அழகாக இருக்கிறதே என்று எரிந்துகொண்டிருந்தேன்.

முதலில் வந்தது சந்தோஷம். அதையும் எழுதிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, 'தொலைந்தாள், எல்லாம் பொய், ராட்டினத்தால் ஒரு மண்ணும் வரவில்லை' என்று ஓர் ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தது யார் என்பது உறைத்தது. கலந்து கொடுத்திருந்தால் இரண்டு பக்கமும் கட்டி வந்து அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் வாயைத் திறப்பது விஞ்ஞானம் இல்லை.

பதினாலாம் பெட்டியில் மிச்சமிருந்ததில் இருபது புழுவைத் தலை வெட்டி அலமாரியில் வைத்தேன். சுற்றவில்லை, சும்மா நிற்கின்றன. நின்றபடியே கட்டி வந்தால் ராட்டினத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வராவிட்டால் ஜெசிந்தா சொல்வதில் ஏதோ இருக்கிறது. பதினைந்து நாள் ஆகும். ஏப்ரல் 21க்கு முன்னால் தெரிந்துவிடும்.

"ஏனுங் அம்மிணி, இது என்னுங் புதுத் தட்டு?" என்றார் பொங்கியண்ணன். ஒன்றுமில்லை அண்ணா, சும்மா என்றேன். இந்தத் தடவை தட்டில் நீலப்பொட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சார் ஒரு தாளை நீட்டினார். செயற்கைக்கோள் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டுமாம். 'ஆய்வுக்குப் பயன்பட்ட புழுக்கள் யாவும் எந்த ரசாயனமும் படாதவை.' கீழே இருப்புப் பொறுப்பாளர் கையெழுத்து. இருப்புப் பொறுப்பாளர் நான்.

"ஒரு தடவ இருப்பு நோட்டப் பாத்துட்டு நாளைக்குப் போடுறேன் சார்" என்றேன்.

"உன் இருப்ப நீ பாக்கணுமாம்மா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 10, வியாழன்

தாள் இன்னும் என் மேஜையில். தலைவலி என்று சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜெசிந்தா வந்து, "அக்கா, அந்தக் கையெழுத்து மட்டும்..." என்று இழுத்தாள். பேனா எழுதவில்லை என்றேன். தன் பேனாவைக் கொடுத்தாள். அதற்குள் போன் வந்தது, நல்லவேளை. வங்கியிலிருந்து யாரோ கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். ஜென்மத்தில் அவர்களோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மெஸ்ஸில் பாயசம். புழுக்களுக்குத் தலை வந்துவிட்டது. கட்டி இல்லை. இன்னும் நாலு நாள்.

கட்டி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா? கோயிலுக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஜெசிந்தா பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் ஊருக்குக் கிளம்பினாள். திங்கட்கிழமை காலை வந்துவிடுவாளாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரும்போது மக்ரூன் வாங்கிட்டு வாரேன்க்கா. முட்டை போட்டதுதான், உங்களுக்கு வேற பாக்கறேன்" என்றாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனாள்.

மூன்று மணிக்குத் தட்டைப் பார்த்தேன். இருபதில் பதின்மூன்று.

சுற்றாமல், அசையாமல், அலமாரியில் சும்மா நின்ற புழுக்களுக்குப் புதுத்தலையின் ஓரத்தில் அதே கருப்பு வீக்கம். ராட்டினம் ஒன்றும் செய்யவில்லை. ஏழு மாசத்துக்கு முன் பட்ட விஷம், கட்டி கரைந்து, உடம்பு முழுக்கத் தேறி, ஒரு தடயமும் இல்லாமல் எங்கோ செல்லுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. தலையை வெட்டி, வளரு என்று சொன்னதும் வெளியே வந்துவிட்டது. குணமான உடம்பு திரும்ப வளரும்போதுதான் பழைய நோய் முளைக்கிறது. ஆறு வருஷமாக நான் தேடியது இது. தேறியவற்றை மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தேறிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாசமாக நான் வயிறெரிந்தது என் சொந்தப் புழுக்களைப் பார்த்து.

ஏப்ரல் 18, வெள்ளி

விடுமுறை. அறையை விட்டு வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை விண்ணப்பம் போகிறது. சொல்லாவிட்டால் கெட்டுப்போன கணக்கோடு அந்தப் பெட்டி வானத்துக்குப் போகும். சொன்னால் ஜெசிந்தாவின் கண்டுபிடிப்பு போய்விடும், என்னுடையது ஒன்று வரும். அப்படியென்றால் சொல்வது எனக்குத்தான் லாபம். அதுதான் உறுத்துகிறது. ஜெசிந்தா வந்தபிறகு அவளை வைத்துக்கொண்டு சொல்வதுதான் முறை. ஆனால் திங்கள் காலை அவள் முகத்துக்கு நேரே எனக்கு வாய் வராது.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

சார் வீட்டுக்கே போனேன். லுங்கியோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நோட்டு இரண்டையும் கட்டிகளின் படத்தையும் காட்டி, பதினாலாம் பெட்டி என்ன பெட்டி என்று சொன்னேன். குழாய் கையிலிருந்து நழுவி அவர் காலெல்லாம் தண்ணீர்.

"கலந்து குடுக்கலையா நீ?"

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டியா? ஊருக்கே சொல்லிக் குடுக்கறவ நீ! உலகம் பூராம் சிரிச்சிருப்பாங்கம்மா நம்மள!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அப்புறம் படத்தை வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். மறுபடி பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏழு மாசம் கழிச்சா? ஒண்ணுமே வெளிய தெரியாமலா?" என்றார். "வடிவு, இது பெருசும்மா. குழுவுக்கு இதக் கொண்டுபோ. ஜெசிந்தாவோட சுத்தின புழுவும் இனிமே உன் கணக்குதான். ரெண்டும் சேந்தா அறுபது ஆச்சு."

ஜெசிந்தா எண்ணி, படமெடுத்து, எழுதிவைத்த நாற்பதும் என் கணக்கு. சரி சார் என்றேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னது கிட்டத்தட்ட உண்மைதான். பெட்டியை மறந்திருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

செயற்கைக்கோளுக்கு எங்கள் லேப்பிலிருந்து எதுவும் போகவில்லை. ஜெசிந்தா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள். சார் அறைக்குள் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். வெளியே வந்தவள் என்னைத் தாண்டிக் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள். கொண்டுவந்த டப்பாவைப் பொங்கியண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

குழு ஒன்றேகால் மணி நேரம். சென்னையிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில், "தேறினதத் திரும்ப வெட்டிப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்றார். தற்செயலாக என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துவிட்டார்கள், பாராட்டோடு.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இன்னும் ஒரு வருசமா!" என்று அழுதாள்.

இதைப் பற்றி எழுதப்போகிற கட்டுரையில் என் பெயர் முதலில், ஜெசிந்தா இரண்டாவது. அவள் பெயரை முன்னால் போடச் சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மத்தியானம் லேப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜெசிந்தா புதிதாக ஆரம்பிக்கிறாள், ஒன்பதாம் பெட்டிப் புழுக்களோடு. என் உதவியைக் கேட்கவில்லை. அவளே தாம்பாளத்தை எடுத்துக் கழுவினாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து சார்கிட்டச் சொன்னீங்க" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. திங்கட்கிழமை விண்ணப்பம் போகிறதே, அதனால் என்றேன். "போன் இருக்குல்லாக்கா" என்றாள்.

தாம்பாளத்தைத் துடைத்து வைத்துவிட்டுச் சொட்டுக்குழாயை எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பதினாலாம் பெட்டிய வேணும்னே குடுத்தீங்களா?"

"இல்ல! ஐயோ ஜெசி, சத்தியமா இல்ல. அதுல என்ன இருந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

"சரி. நம்பறேன்." சொட்டுக்குழாயைக் கீழே வைத்தாள். இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "கலக்கறதுக்கு மறந்துட்டதா சார் சொன்னாங்க. மறந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சாரிடம் சொன்னேன், குழுவிடம் தற்செயல் என்று சொன்னேன், இந்த நோட்டிலேயே நேரமில்லை என்று எழுதியிருக்கிறேன். மூன்று பேரும் நம்பிவிட்டார்கள். அவள் கண் சிவந்திருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு மாசம் கண்ணாடியில் பார்த்த முகம்.

"மறக்கல" என்றேன். "ராட்டினத்த உனக்குக் குடுத்துட்டாரேன்னு கோவம். உனக்கு எதுக்கு நான் முதுகு ஒடியணும்னு கலக்காமக் குடுத்தேன். உன் கணக்கு கொஞ்சம் கோணலா வந்தா வரட்டுமேன்னு இருந்துச்சு."

கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்காதீங்கக்கா. நான் செஞ்சிருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம், "இத சார்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"நானே சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லுங்க."

சார் துணைவேந்தர் கூட்டத்தில் இருக்கிறார், நாலு மணிக்கு வருவார். இப்போது மூன்று ஐம்பது. சொன்னால் நேற்றுக் கிடைத்த ஒரு வருஷத்தை அவர் திரும்ப வாங்கிவிடலாம், குழுவுக்கு எழுதலாம், என் பெயரையே எடுத்துவிடலாம். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர் மேஜையில் ஜெசிந்தா தலைவெட்ட ஆரம்பித்துவிட்டாள். கை பதறவே இல்லை, ஒரே கீறல், சுத்தமாக, அடுத்தது, அடுத்தது. எனக்கு அப்படி வெட்ட மூன்று வருஷம் ஆயிற்று. இந்த நிமிஷத்திலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

சார் வண்டிச் சத்தம் கேட்கிறது. போகிறேன்.